போர்மாவைச் சுற்றி எவ்வளவு பருப்பு காத்திருக்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் தாய்மாமா நடத்தும் முந்திரி ஆலையில் கணக்கையும் உற்பத்தித் திட்டத்தையும் பார்க்கச் சேர்ந்திருக்கிறீர்கள். கொட்டையை வேகவைத்து, ஆறவிட்டு, ஓட்டை உடைத்து, போர்மா என்னும் உலர்த்தும் அடுப்பில் பருப்பைச் சூடேற்றி, தோல் உரித்து, தரம் பிரிப்பதுதான் அங்கே வேலை. ‘டீகப்ளிங் ஸ்டாக்’ என்று கல்லூரியில் படித்தது நினைவிருக்கிறது: ஒரு பிரிவு நின்றாலும் அடுத்த பிரிவு நின்றுவிடாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே வைக்கும் இருப்பு. ஆலை மேஸ்திரி, பிரிவுக்குப் பிரிவு மூன்று நாள் சரக்கு கையில் இருந்தால்தான் வேலை தடையில்லாமல் நடக்கும் என்கிறார். மாமாவோ அந்தக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் முடங்கிய பணம் என்று முகம் சுளிக்கிறார். இருவரில் யார் சொல்வது சரி, எத்தனை நாள் இருப்பு வைக்கலாம், வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் இதைத் தனியாகக் காட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது. நடுவில் கிடப்பதெல்லாம் உண்மையில் அந்த வேலைக்காக வைத்த இருப்புதானா? அதைத் தீர்க்காமல் நாள் கணக்குப் பேசிப் பயனில்லை.

நான் தொழிற்சாலைப் பொறியியல் படித்தவன். கோணம் தொழிற்பேட்டையில் மீன்வலை ஆலை ஒன்றில் உற்பத்தித் திட்டம் பார்த்தேன். பிறகு வந்த ஆண்டுகளில் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் அண்டி ஆபீஸ்கள், அதாவது முந்திரி ஆலைகள், சிலவற்றுக்கு இருப்புக் கணக்கைச் சீர்செய்து கொடுத்திருக்கிறேன். உங்கள் ஆலையை நான் பார்த்ததில்லை. ஆகவே கீழே சொல்லும் முறை உங்களுக்குப் பொருந்தும். எடுத்துக்காட்டு எண்கள் பொருந்த வேண்டும் என்பதில்லை. அவை கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

முதலில் ஐயமே இல்லாத பகுதி. அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள். இரண்டும் பத்தில் ஒன்பது பங்கு நேரம் ஓடுகின்றன. மீதி ஒரு பங்கு நேரம் ஏதோ ஒரு காரணத்தால் நிற்கின்றன. ஒன்றின் தடங்கலுக்கும் மற்றதன் தடங்கலுக்கும் தொடர்பில்லை. இடையில் ஒரு கூடைச் சரக்குகூட இல்லையென்றால், ஒன்று நிற்கும்போது மற்றதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இரண்டும் சேர்ந்து ஓடும் நேரம் 0.9 பெருக்கல் 0.9, அதாவது 81 சதவீதம். இதே போல மூன்று பிரிவுகள் இருந்தால் 73 சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும். இடையில் போதுமான இருப்பை வைத்தால் அந்த 81 மெல்ல ஏறி 90-ஐ நெருங்கும், ஆனால் 90-ஐத் தாண்டாது. முதலில் வைக்கும் கொஞ்சம் சரக்கு நிறையப் பலன் தரும். பிறகு வைப்பது குறைவாகத் தரும். ஒரு கட்டத்துக்குப் பிறகு வைப்பது இடத்தை மட்டும் அடைக்கும். ஒரு தடங்கல் வழக்கமாக இரண்டு மணி நேரம் நீடிக்கிறது என்றால், அரை மணி நேரச் சரக்கு அதில் ஒரு பகுதியைத்தான் மறைக்கும். இரண்டு நாள் சரக்கோ அந்தத் தடங்கலுக்குத் தேவையில்லாத அளவு. ஆக, இருப்பின் அளவு தடங்கலின் நீளத்தைப் பொறுத்தது. ஆலை பெரிதா சிறிதா என்பதையோ மொத்த உற்பத்தியில் இத்தனை சதவீதம் என்பதையோ வைத்து அதை முடிவு செய்வதற்கு அடிப்படை எதுவும் இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, காலி இடத்தின் பங்கு. இடை இருப்பு இரண்டு பக்கமும் காக்க வேண்டும். முன் பிரிவு நின்றால் பின் பிரிவுக்குக் கொடுக்கச் சரக்கு வேண்டும். பின் பிரிவு நின்றால் முன் பிரிவு இறக்கிவைக்க இடம் வேண்டும். மூன்று நாள் சரக்கால் கூடமே நிரம்பி, இனி ஒரு டிரே வைக்கவும் இடமில்லை என்ற நிலை வந்துவிட்டால், பின் பிரிவு ஒரு மணி நேரம் நின்றாலும் முன் பிரிவும் நின்றுவிடும். நிரம்பி வழியும் இருப்பு தன் வேலையில் பாதியைத்தான் செய்கிறது.

நம் மாவட்டத்துக்காரருக்கு இதைப் புரியவைக்க நான் குளத்தைத்தான் காட்டுவேன். பேச்சிப்பாறை அணையிலிருந்து கால்வாயில் முறைவைத்துத் தண்ணீர் வருகிறது; வயலுக்கு வேண்டிய நேரமும் கால்வாயில் தண்ணீர் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. நடுவில் குளம் இருப்பதால், கால்வாய் மூடியிருக்கும் நாளிலும் மடையைத் திறக்க முடிகிறது. ஆனால் மேலே மழை பொய்த்து அணையே வற்றினால் குளம் தண்ணீரை உண்டாக்கித் தராது. நேரத்தின் ஏற்றத்தாழ்வைத்தான் அது சமன்செய்யும், பற்றாக்குறையைத் தீர்க்காது. தோல் உரிக்கும் பிரிவு நாளுக்கு நூறு கிலோ குறைவாகச் செய்கிறது என்றால், அதன் முன்னால் எவ்வளவு இருப்பு வைத்தாலும் குவியல் வளர்ந்துகொண்டே போகும். அது டீகப்ளிங் அல்ல. ஆள் போதவில்லை என்பதற்கான அடையாளம்.

இப்போது உங்கள் ஆலையில் கிடப்பவற்றைப் பிரித்துப் பார்ப்போம். கிடங்கில் அடுக்கியிருக்கும் பச்சைக்கொட்டை மூட்டைகளை இந்தக் கணக்கிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். மேற்கு ஆப்பிரிக்க அறுவடை ஏறக்குறைய பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை. தான்சானியா, மொசாம்பிக் பக்கம் அக்டோபரை ஒட்டித் தொடங்கும். நம் ஊர்க் கொட்டை கோடையில். ஆண்டு முழுவதும் ஆலை ஓட வேண்டுமென்றால் பருவத்தில் வாங்கி வைத்தே ஆக வேண்டும். அது பருவத்துக்கான இருப்பு. விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பில் கூடுதலாக வாங்கியது அதில் இருந்தால் அது வியாபாரச் சூதாட்டம். தவறென்று சொல்லவில்லை, உற்பத்தித் திட்டத்தின் தலையில் அதைக் கட்டாதீர்கள் என்கிறேன். முடங்கிய பணம் என்று மாமா சொல்வதில் பெரும்பகுதி இந்த மூட்டைகளில்தான் இருக்கும். பிரிவுகளுக்கு நடுவே கிடக்கும் டிரேக்களைக் குறைத்து அந்தப் பணத்தை மீட்டுவிட முடியாது.

அடுத்தது, ஆவியில் வெந்து தரையில் பரப்பிக் கிடக்கும் கொட்டை. அது ஒரு இரவாவது ஆற வேண்டும். ஓடு முறுகி, உள்ளே பருப்பு இறுகினால்தான் உடைக்கும்போது முழுசாக வரும். சூட்டோடு உடைத்தால் பிளந்துபோகும். ஆகவே அந்த ஒரு நாள் சரக்கு யாரையும் யாரிடமிருந்தும் விடுவிப்பதற்காக வைத்ததல்ல. வேலையின் ஓர் அங்கம். அதைக் குறைக்கச் சொல்வது தோசை மாவைப் புளிக்கவிடாதே என்பதற்குச் சமம். ஆறி முடிந்த பிறகும் உடைக்கப்படாமல் கிடப்பது எவ்வளவோ, அது மட்டுமே இடை இருப்பு. போர்மாவுக்குள் இருக்கும் பருப்பும் இப்படித்தான்: அடுப்பில் இருக்கும் நேரம் இருப்பு அல்ல, வெளியே வந்து காத்திருக்கும் நேரம்தான் இருப்பு.

திருவிழாவுக்காகச் சேர்ப்பதும் தனி. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, சிவராத்திரிக்கு விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் சிவாலய ஓட்டம், பிறகு ஓணம், கிறிஸ்துமஸ். இந்த நாட்களில் ஆள் வரமாட்டார்கள் என்பது நாட்காட்டியிலேயே எழுதியிருக்கிறது. முன்கூட்டியே தெரிந்த விடுப்புக்கு முந்தின வாரத்தில் சேர்த்து வைத்து, முடிந்ததும் கரைத்துவிட வேண்டும். அதைக் காரணம் காட்டி ஆண்டு முழுவதும் சரக்கை வைத்திருப்பதுதான் நான் பல ஆலைகளில் பார்த்த பழக்கம். திருவிழா போய்விடும், குவியல் போகாது.

கடைசியாக, தரம் பிரித்த பிறகு விற்காமல் நிற்கும் துண்டும் பிளவும். ஒரே மூட்டைக் கொட்டையிலிருந்து 180, 210, 240, 320, 450 (ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய எத்தனை பருப்பு என்பதைச் சொல்லும் தர எண்கள்) என்று முழுப்பருப்பும், அதோடு பிளவும் துண்டும் சேர்ந்தே வெளிவருகின்றன. 320 மட்டும் வேண்டும் என்று கொட்டையிடம் சொல்ல முடியாது. ஒன்றைச் செய்தால் மற்றதும் வந்துதான் தீரும் என்பதால் நிற்கும் இருப்பு அது. விற்பனைப் பிரச்சினை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். மேஸ்திரி சொல்லும் மூன்று நாளில் உண்மையான இடை இருப்பு ஒரு நாளைத் தாண்டாது என்பது என் ஊகம். ஊகம்தான், நீங்கள் டிரேக்களை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி அளவு. உங்கள் ஆலை நாளுக்கு 80 கிலோ மூட்டை 40 உடைக்கிறது, மூட்டைக்கு 21 கிலோ பருப்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 840 கிலோ. தோல் உரிக்கும் பிரிவு ஏறக்குறைய அந்த அளவைச் சீராகச் செய்துவிடுகிறது. உடைப்புப் பிரிவு சீராக இல்லை: திங்கள் 900, செவ்வாய் 780, புதன் 860, வியாழன் 650, வெள்ளி 950, சனி 860. ஒவ்வொரு நாளும் 840-இலிருந்து எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று எழுதி, கூட்டிக்கொண்டே வாருங்கள். திங்கள் முடிவில் 60 மிச்சம், செவ்வாய் 0, புதன் 20, வியாழன் 170 பற்றாக்குறை, வெள்ளி 60 பற்றாக்குறை, சனி 40 பற்றாக்குறை. உச்சிக்கும் அடிக்கும் இடையே 230 கிலோ. இந்த வாரத்தில் உரிப்புப் பிரிவு ஒரு நிமிடமும் சும்மா இருக்காமலும், உடைப்புப் பிரிவு இடமில்லை என்று நிற்காமலும் இருக்கத் தேவைப்பட்டது 230 கிலோவுக்கான இடமும், வாரத் தொடக்கத்தில் 170 கிலோ சரக்கும் மட்டுமே. ஒரு நாள் உற்பத்தியில் கால் பங்கைச் சற்றே தாண்டுகிறது. மூன்று நாள் எங்கே, இது எங்கே! சனிக்கிழமை மாலை 40 கிலோ பற்றாக்குறையோடு வாரம் முடிந்ததையும் பாருங்கள். அது வாராவாரம் தொடர்ந்தால் சில வாரங்களில் எந்த இருப்பும் கரைந்துவிடும். அதற்கு மருந்து ஆள் அல்லது நேரம், இருப்பு அல்ல.

ஒரு வாரத்துப் பதிவு போதாது. குறைந்தது ஒரு பருவம் முழுவதும் எடுக்க வேண்டும். மழை மாதங்கள் அதில் கட்டாயம் வர வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. கொட்டை காயப்போடும் களம் நனைந்த நாட்களின் ஏற்றத்தாழ்வும் ஜனவரியின் ஏற்றத்தாழ்வும் ஒன்றல்ல. இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. எப்போதோ ஒருமுறை வரும் பெரிய தடங்கல் இதில் சிக்காது. கொதிகலன் குழாய் பழுதாகி நான்கு நாள் ஆவி இல்லை என்றால், அதை ஈடுகட்டும் அளவு இருப்பை ஆண்டு முழுவதும் வைத்திருப்பது அறிவுடைமை அல்ல. அதற்கு மாற்றுக் குழாயையும், கூப்பிட்டால் வரக்கூடிய வெல்டரையும் தயாராக வைத்துக்கொள்வது மலிவு.

மாமாவின் பணக் கணக்குக்கு வருகிறேன். பருப்பு கிலோ 600 ரூபாய் என்று வைத்தால், ஒரு நாள் இருப்பு 5,04,000 ரூபாய். வட்டி 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 ரூபாய். மூன்று நாள் இருப்புக்கு 1,80,000. சிறிய தொகை அல்ல, ஆலையை மூழ்கடிக்கும் தொகையும் அல்ல. வட்டியை மட்டும் பார்த்தால் மேஸ்திரி வென்றுவிடுவார். ஆனால் உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. காத்திருந்ததால் கூடுதலாக 2 சதவீதம் பருப்பு உடைகிறது, முழுசுக்கும் பிளவுக்கும் விலை வித்தியாசம் கிலோவுக்கு 80 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 17 கிலோ, 1,300 ரூபாய்க்கு மேல். 300 வேலை நாளில் 4 லட்சம். வட்டியைவிட இரண்டு மடங்குக்கு மேல். இந்த 2 சதவீதம் நான் வைத்துக்கொண்டது. உங்கள் ஆலையில் அது அரையாக இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். அன்றன்று உரித்த டிரேயையும் இரண்டு நாள் காத்திருந்த டிரேயையும் தனித்தனியாகத் தரம் பிரித்து எடை போட்டால் ஒரே வாரத்தில் கிடைத்துவிடும் எண் இது. எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டாம்.

ஏன் உடைகிறது என்பதை அருகில் நின்று பார்த்தால் தெரியும். ஜூன் மாதம், இரவெல்லாம் மழை. முந்தின நாள் மாலை போர்மாவிலிருந்து எடுத்த டிரேக்கள் மூடாமல் சுவரோரம் அடுக்கியிருக்கின்றன. காலையில் உரிக்க உட்கார்ந்த பெண் ஒரு பருப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுகிறார். நேற்று உருட்டியிருந்தால் செந்தோல் உதிர்ந்திருக்கும். இன்று அது பருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நகத்தால் கிள்ளுகிறார், பருப்பின் நுனி தோலோடு பெயர்ந்து வருகிறது. கத்தி கேட்கிறார். பாதி டிரே திரும்பவும் போர்மாவுக்குப் போகிறது. இரண்டாம் முறை சூடு கண்ட பருப்பு சிலது நிறம் மாறி வெளியே வருகிறது, மீதி தொட்டாலே முறிகிறது. ஒரு இரவுக் காத்திருப்பு செய்த வேலை இது. கணக்குப் புத்தகத்தில் இதற்குத் தலைப்பே கிடையாது.

இன்னொரு செலவும் உண்டு. அது எனக்கு உடைவைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிக்காட்டிய எளிய விதி: நடுவில் நிற்கும் சரக்கை நாளொன்றின் உற்பத்தியால் வகுத்தால், ஒரு பொருள் சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்பது வரும். வேகவைப்பதற்கும் உரிப்பதற்கும் நடுவே மூன்று நாள் சரக்கு இருந்தால், இன்று காலை ஆவி கூடிப்போய்ப் பருப்பு கருத்ததை உரிப்புப் பிரிவு மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கும். அதற்குள் அதே ஆவியில் 120 மூட்டை வெந்து முடிந்திருக்கும். ஒரு நாள் சரக்கு என்றால் 40 மூட்டையோடு போயிருக்கும். இருப்பு தடங்கலை மறைக்கிறது என்பது அதன் நன்மை; பிழையையும் சேர்த்து மறைக்கிறது என்பது அதன் விலை.

டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ கொண்டுவந்த கன்பன் முறையை வைத்துக்கொண்டு, இடை இருப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று சிலர் வாதாடுவதுண்டு. அது தவறான வாசிப்பு. பிரிவுகளுக்கு நடுவே எத்தனை பெட்டி நிற்கலாம் என்று அட்டையால் வரம்பு கட்டுவதுதான் கன்பன். அங்கேயும் இருப்பு உண்டு, எண்ணிவைத்த இருப்பு. அந்த எண்ணைக் குறைப்பதற்கு முன்னால் அவர்கள் இயந்திரப் பழுதையும் அச்சு மாற்றும் நேரத்தையும் குறைத்தார்கள். தடங்கலைக் குறைக்காமல் இருப்பை மட்டும் வெட்டினால் 81 சதவீதத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

எங்கே வைப்பது என்பதில் 1958-இல் கென்னத் சிம்ப்சன் காட்டிய ஒரு முடிவு எனக்குப் பயன்பட்டிருக்கிறது. வரிசையாக உள்ள பிரிவுகளில் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்து வைப்பது சிக்கனமல்ல. ஓரிடத்தில் முழுமையாகப் பிரித்துவிடும் அளவு வை, இல்லையென்றால் அங்கே வைக்கவே வேண்டாம் என்பது அதன் சாரம். அவருடைய கணக்கு சில அனுமானங்களின் மேல் நிற்கிறது. முந்திரி ஈரம் இழுப்பதெல்லாம் அதில் கிடையாது. ஆனாலும் ‘பிரிவுக்குப் பிரிவு மூன்று நாள்’ என்ற பேச்சுக்கு நல்ல மறுப்பு. முந்திரியில் எனக்குச் சரியாகப் படும் இடம் உடைப்புக்கு முன்னால், ஓட்டோடு. ஆறி முடிந்த கொட்டைக்குள் பருப்பு ஓட்டின் காவலில் இருக்கிறது. அதற்குச் செலவிட்ட கூலியும் குறைவு. ஓட்டை உடைத்த பிறகு ஒவ்வொரு அடியிலும் மதிப்பு ஏறுகிறது, பாதுகாப்பு இறங்குகிறது. உடைத்த பருப்பு போர்மாவுக்கு முன்னால் அன்றைய வேலையைத் தாண்டி நிற்கக் கூடாது. ஈரத்தோடு இருக்கும் பருப்பில் பூஞ்சையும் பூச்சியும் வரும். போர்மாவுக்கும் உரிப்புக்கும் நடுவே, மேலே போட்ட கணக்குப்படி, கால் நாள், மிஞ்சினால் அரை நாள். அதுவும் மூடியுள்ள டின்னில். உரித்து, தரம் பிரித்து, டின்னிலோ வாயு நிரப்பிய பையிலோ அடைத்துவிட்டால் பிறகு காத்திருக்கலாம்.

இது எல்லாத் தொழிலுக்கும் விதியல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் பார்த்த மீன்வலை ஆலையில் நைலான் நூல் பீரோவில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. முறுக்குப் பிரிவுக்கும் வலை பின்னும் இயந்திரத்துக்கும் நடுவே தாராளமாக வைக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கே தொல்லை வேறு விதமாக வந்தது. 210 டெனியரில் (டெனியர் என்பது நூலின் பருமன் அளவு) எத்தனை இழை, என்ன நிறம், கண்ணி என்ன அளவு என்று ஆர்டருக்கு ஆர்டர் மாறும். அலமாரி நிறைய நூல் இருக்கும்; இயந்திரம் கேட்கும் நூல் மட்டும் இருக்காது. எண்ணிக்கையில் பத்து நாள் இருப்பு, பயனில் பூஜ்யம். குலசேகரம் பக்கத்து ரப்பர் பாலோ இன்னொரு கோடி: வெட்டிய சில மணி நேரத்தில் உறையத் தொடங்கும், அம்மோனியா சேர்த்தால்தான் காத்திருக்கும் நேரத்தை வாங்க முடியும். உங்கள் சரக்கில் வகை குறைவு, ஆயுள் நடுத்தரம். அதனால் அளவை மட்டும் கட்டுப்படுத்தினால் போதும் என்ற வசதி உங்களுக்கு இருக்கிறது.

இனி சொல்லப்போவது பாடநூலில் இருக்காது, ஆனால் உங்கள் மாமாவுக்கும் மேஸ்திரிக்கும் நடுவே நடக்கும் சண்டைக்கு வேர் இதுதான் என்று நினைக்கிறேன். முந்திரி ஆலைகளில் உடைப்புக்கும் உரிப்புக்கும் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் கூலி. தரம் பிரிப்பவர்களுக்கு நாட்கூலி. உங்கள் ஆலையிலும் இதே முறை என்றால், உரிப்புப் பிரிவுக்குச் சரக்கு வராமல் ஒரு மணி நேரம் போனால் அந்த மணியின் நட்டம் யாருக்கு? அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு. முதலாளியின் கணக்கில் அது எங்கும் பதிவாகாது. இருப்பின் வட்டியும் உடைவும் மட்டும் அவர் கண்ணில் படுகின்றன. மேஸ்திரியோ காலையில் எழுபது, எண்பது பேரை நேருக்கு நேர் பார்க்க வேண்டியவர். ‘அண்ணே, பருப்பு இல்லையா?’ என்ற கேள்வி அவரிடம்தான் வருகிறது. அவர் கேட்கும் மூன்று நாள், அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க அவர் கட்டிக்கொண்ட அரண். இருப்பின் பலன் ஒருவருக்கும் செலவு இன்னொருவருக்கும் போகும்போது இருவரும் தங்கள் தங்கள் பக்கத்தில் சரியாகத்தான் பேசுவார்கள்.

ஆகவே நீங்கள் உச்சவரம்பு வைக்கும் நாளிலேயே கூலிப் பேச்சையும் சேர்த்து எடுக்க வேண்டும். வரம்பு எட்டியதும் உடைப்புப் பிரிவை நிறுத்தச் சொன்னால், கிலோ கணக்கில் கூலி வாங்குபவர் ஏன் நிறுத்துவார்? யாருமே நிறுத்த மாட்டார்கள். வரம்புக் கோடு சுவரில் இருக்கும், டிரேக்கள் அதைத் தாண்டி இருக்கும். நடைமுறையில் பலன் தந்தது, இரண்டு வேலையும் தெரிந்த சிலரை வைத்துக்கொள்வது. குவியல் கோட்டைத் தொட்டால் அவர்கள் உடைப்பிலிருந்து உரிப்புக்கு நகர்வார்கள். கூலி குறையாதபடி அன்றைக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையை உறுதி செய்ய வேண்டும். அந்தத் தொகை, நாளுக்கு 1,300 ரூபாய் உடைவோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். கூலிச் சட்டம் என் துறை அல்ல; குறைந்தபட்சக் கூலி தொடர்பான விதிகளை மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எடுத்த எடுப்பில் மூன்று நாளைக் கால் நாளாக்கிவிடாதீர்கள். இப்போது உள்ளதில் வாரத்துக்குச் சில டிரேக்களைக் குறையுங்கள். எந்த நாளில் உரிப்புப் பிரிவு சரக்கில்லாமல் நின்றது, எத்தனை நிமிடம், என்ன காரணம் என்று ஒரு நோட்டில் மேஸ்திரியையே எழுதச் சொல்லுங்கள். அவர் கையெழுத்தில் இருந்தால்தான் அந்தக் கணக்கை அவர் நம்புவார். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் அதைச் சரிசெய்துவிட்டு மேலும் குறையுங்கள். காரணம் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தால் நீங்கள் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டீர்கள். அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் ஏற்றி வையுங்கள். ஜூன் முதல் தேதியிலும் அக்டோபர் நடுவிலும் கோட்டை மறுபடி பாருங்கள்: ஓட்டோடு உள்ள இருப்பைச் சற்று ஏற்றி, போர்மாவுக்குப் பின்னால் உள்ளதை இறக்குவது மழை மாதங்களுக்குப் பொருந்தும்.

ஸ்டாக் ஸ்டேட்மென்ட் பற்றிய கேள்விக்கு: தனியாகக் காட்ட வேண்டாம். கணக்கியல் தரநிலையில் டீகப்ளிங் ஸ்டாக் என்று ஒரு வகை கிடையாது. மூலப்பொருள், உற்பத்தியில் உள்ள சரக்கு, முடிந்த சரக்கு என்றுதான் முக்கியமாகப் பிரிக்கிறார்கள். ஆறும் கொட்டை, போர்மாவில் உள்ளது, உரிக்கக் காத்திருப்பது எல்லாம் நடுவில் உள்ள அந்த ஒரே தலைப்பில் போகும். அடக்க விலை, விற்று வரக்கூடிய நிகரத் தொகை, இரண்டில் எது குறைவோ அந்த மதிப்பில். பாதி முடிந்த சரக்குக்கு வங்கி எவ்வளவு மார்ஜின் பிடிக்கும் என்பது உங்கள் கடன் அனுமதிக் கடிதத்தில் இருக்கும். வங்கிக்கு வங்கி மாறும். உள்ளுக்குள் மட்டும் ஒரு பதிவேட்டில் அந்தத் தலைப்பை மூன்றாகப் பிரித்து எழுதிவாருங்கள்: வேலைக்கே தேவையான காத்திருப்பு, திருவிழாவுக்காகச் சேர்த்தது, உண்மையான இடை இருப்பு. பச்சைக்கொட்டை மூட்டைக்குத் தனிப் பக்கம். மாமா அடுத்த முறை முடங்கிய பணம் என்று தொடங்கும்போது, எந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்க அது உதவும்.